மீசை ஊறுகாய்க்கு விழுந்த மாலை

தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன், என் அப்பாவின் கழுத்தைப் பிடித்து முகத்தை நேராகத் திருப்பி வைக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலை எனக்கு. வந்தவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கோணல்மாணலாக வைத்துப்போன பாட்டில்களை, லேபிள் முன்னால் தெரியும்படி திருப்ப வேண்டும். இதற்கு இங்கே ‘ஃபேஸிங்’ என்று பெயர். ஷாம்பு, தேன், தக்காளி சாஸ் என்று எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டே வந்தால், ஊறுகாய் வரிசையின் மூன்றாவது தட்டில் அப்பா நிற்பார். முறுக்கிய மீசை, சிரிக்காத முகம். படச்சட்டத்தின் இரு பக்கமும் இறங்கும் சந்தன மாலை, கீழே ஒரு சின்ன விளக்கு. அந்த மாலையைப் போடச் சொன்னவன் நான்தான். அதைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் முஸ்தபா எகிப்துக்காரர். எங்கள் ஊறுகாய் இந்தக் கடைக்கு வந்து முதல் பெட்டியைப் பிரித்த அன்று, லேபிளைக் காட்டி இது என் அப்பா என்று ஆசையாகச் சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கி உற்றுப் பார்த்தார். மாலையைத் தொட்டுக் காட்டி, “மப்ரூக்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்துக்கள் என்று பொருள். எந்தப் போட்டியில் ஜெயித்தார் என்று கேட்டார். இறந்துபோனவர் என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் எப்படிச் சொல்வது? குஸ்தி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு என் அப்பா பயில்வான்.

சங்கரன்கோவிலில் அப்பா ஜெயித்தது உண்மைதான், ஆனால் ஊறுகாயில். ஊறுகாய் போடும் எங்கள் கொட்டகையின் பெயர்ப்பலகையிலும் டின்னிலும் அச்சிட்டிருந்த பெயர் ‘கோமதி எலுமிச்சை ஊறுகாய்’. அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. லேபிளில் அப்பா முகம் இருந்ததால் எல்லோருக்கும் அது மீசை ஊறுகாய். புளியங்குடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வரும். நாற்பது நாள் ஊறாமல் ஒரு டின்கூட வெளியே போகக்கூடாது என்பது அவர் சட்டம்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழம கல்யாணம். ரெண்டு டின் குடுங்க” என்று பெண்வீட்டார் வந்து நிற்பார்கள்.

“இன்னும் ஊறல. ஆவணியில வாங்க.”

“ஊறுகாய்க்காகக் கல்யாணத்த ஆவணிக்கா தள்ளி வைக்க முடியும்?”

“அப்ப வேற எங்கனயாவது வாங்கிக்கிடுங்க.”

திட்டிக்கொண்டேதான் போவார்கள். ஆனால் அடுத்த மகளுக்கு முகூர்த்தம் குறித்த கையோடு வந்து சொல்லி வைத்துவிடுவார்கள். பந்திச் சமையலுக்கு வரும் தவசிப்பிள்ளைகள் சாமான் பட்டியல் எழுதும்போது மற்றதற்கெல்லாம் வெறும் எடை எழுதுவார்கள், ஊறுகாய்க்கு மட்டும் ‘மீசை’ என்று எழுதுவார்கள். இங்கே கடை ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர் பிராண்ட் என்றால் வாக்குறுதி என்று படம் போட்டு விளக்கினார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்பா யாருக்கும் எந்த வாக்குறுதியும் தந்ததில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லியே பெயர் வாங்கினார்.

அவர் இறந்தபோது இங்கே நோன்பு மாதச் சரக்கு வந்து குவிந்திருந்தது. விடுப்பு கிடைக்கவில்லை. குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஊரே வரிசையாக வந்து மாலை போட்டது. என் கை மட்டும் போடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்கு தீராமல் இருக்கும், தெரியும். நான் அதைத் தீர்க்கப் பார்த்த விதம்தான் எங்களைக் கவிழ்த்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, இனி வரும் லேபிளில் அப்பா படத்துக்கு மாலையும் விளக்கும் போட வேண்டும் என்றேன். நான் போடாத மாலை ஒவ்வொரு பாட்டிலிலும் விழட்டும் என்று நினைத்தேன். அண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. சரி என்றான்.

சிவகாசி அச்சகக்காரர் மட்டும் தயங்கியிருக்கிறார். “திங்கிற சாமான் அண்ணாச்சி, நல்லா யோசிச்சுக்கிடுங்க” என்றாராம். அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது, அப்பாவை மதிக்கத் தெரியாதவன் என்று நான் கத்தினேன். அந்தக் கத்தலை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நம் வீடுகளில் மாலை போட்ட படத்துக்கு ஒரு சுவர் உண்டு. அடுக்களையில் அதை யாரும் மாட்டுவதில்லை. நாங்களோ அதைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டோம். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாயார் சாமான் அறைக்குள் வந்து, டின்னைப் பார்த்ததும் முகம் மாறி, அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாராம். அடுத்த முகூர்த்தத்தில் தவசிப்பிள்ளை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, தப்பா நினைக்காத. மங்கல காரியத்துல இத வைக்க யோசிக்காவ” என்றிருக்கிறார். வளைகாப்பு வீடுகள் முதலில் விலகின, பிறகு மளிகைக் கடைகள். விசித்திரம் என்னவென்றால், அப்பா போனபின் ருசி போய்விட்டது என்று பேச்சு கிளம்பியது. அதே காய், அதே நாற்பது நாள், உப்பு போடும் அதே செல்லத்தாய் அக்கா. அப்பா இருந்தபோதும் பக்குவம் அந்த அக்கா கையில்தான் இருந்தது. அப்பா இல்லை என்று லேபிள் சொன்னதும் ஊர் நாக்கு அதை நம்பிவிட்டது.

பதறிப்போய் மாலையை எடுத்துவிட்டுப் பழைய படத்தையே அச்சடித்தோம். அதுவும் வினையாகப் போயிற்று. சிலர் இது பழைய சரக்கு, தேதி மாற்றி ஒட்டுகிறார்கள் என்றார்கள். சிலர் இது போலி என்றார்கள். சிவகிரியில் ஒரு கடைக்காரர் அண்ணன் முகத்துக்கு நேராகவே, “செத்தவர உயிரோட காட்டி விக்கியளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?” என்று கேட்டிருக்கிறார். மாலை போட்டாலும் போச்சு, எடுத்தாலும் போச்சு. இத்தனை வருடம் சேர்ந்த பெயரை இரண்டு லேபிளில் கொட்டிக் கவிழ்த்துவிட்டோம்.

போன வாரம் அண்ணன் பேசினான். குரலே இல்லை. “மதுரையிலருந்து ஒரு கம்பெனிக்காரவுக வந்து பாத்துட்டுப் போனாவ. கொட்டகை வேணுமாம், பானையெல்லாம் வேணுமாம், நமக்குக் காய் குடுக்குத ஆளும் வேணுமாம். பேரு மட்டும் வேண்டாமாம்லே.” பிறகு, “ஒன் கடையில ஓடுதுல்லா? வெளிநாட்டுல போவுதுன்னு காட்டுனா பேரையும் சேத்துப் பேசிப் பாக்கலாம்” என்றான். ஓடுகிறது என்றேன். பொய். இங்கே வருகிற நம் ஆட்களும் பாட்டிலை எடுத்து, மாலையைக் கண்டதும் கீழே வைத்துவிடுகிறார்கள். வாங்கியவன் பெரும்பாலும் நான்தான். என் கட்டிலுக்கு அடியில் இனி இடமில்லை.

நேற்று முஸ்தபா மஞ்சள் சீட்டுச் சுருளைக் கொண்டுவந்து தந்தார். விலை குறைத்து இந்த வாரத்துக்குள் தள்ளிவிட வேண்டும், இனி தட்டில் இடம் கிடையாது. “பயில்வான் ஓய்வு பெறுகிறார்” என்று என் முதுகில் தட்டினார், அன்பாகத்தான். பெயரையும் பார்கோடையும் மறைக்காமல் சீட்டு ஒட்டச் சொல்லி விதி. அப்படிப் பார்த்தால் மிச்சமிருந்த இடம் அப்பாவின் தாடைக்குக் கீழே, மாலை வந்து சேர்ந்து விளக்கு எரிகிற இடம். முகத்தில் படாமல் ஒட்டினேன். மாலையும் விளக்கும் மறைந்தன. காதோரம் மிஞ்சிய மாலைத் துணுக்குகள் வெறும் ஓர அலங்காரமாகத் தெரிந்தன. அப்பா உயிரோடு இருந்தார்.

பாதி ஒட்டியிருப்பேன், பின்னால் ஒரு குரல் கேட்டது. “ஏட்டி, இங்கன பாரு, மீசை ஊறுகா.” புருஷனும் பெண்டாட்டியும், நம் பக்கத்து ஆட்கள். அந்த மனிதர் ஒட்டி முடித்த பாட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சங்கரங்கோயில் சரக்குதான தம்பி? பெரியவர் செத்துட்டாரு, மாலை போட்டே படம் வருதுன்னு ஊர்ல சொன்னாவளே. புரளியா?”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “புரளிதான் அண்ணாச்சி. நல்லா இருக்காரு.”

“அதானே பாத்தேன்” என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மாள் நான்கு பாட்டில்களை வண்டியில் எடுத்து வைத்தாள். இந்தக் கடையில் எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஓடிப்போய் அந்தப் பாட்டில்களைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. தண்ணீர் பட்டால் உரிந்துவிடும் சீட்டு அது.

என் சரக்கு வண்டியில், என்னைப் பார்த்த பக்கம் மாலையோடு அப்பா, அவர்கள் எடுத்த பக்கம் மாலையில்லாமல் அப்பா. நடுவில் சுருளைப் பிடித்தபடி நின்றேன். சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணன். ஓடுகிறதா என்றுதான் கேட்பான். எடுக்காமல் அடுத்த பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, முகத்தை நேராகத் திருப்பினேன்.