மறுநாள் எடுத்த ரத்தம்

இந்தா செல்வி, அந்த மந்திரிக்கிறவர் வீட்டுக்கு வழி கேக்காத. ஊருச் சனத்தையெல்லாம் அவருகிட்டப் போகச் சொல்லி அனுப்புனவளே நாந்தேன். ஒம் மகனுக்குக் குளவி கொட்டி ஒதடு வீங்குச்சுன்னு சொன்னியே, அவன ஆசுபத்திரியில காட்டு.

எம் மருமக மீனாவுக்கு நான் செஞ்சதக் கேளு. முருங்கக்கீர பறிக்கையில குளவி கொட்டிருச்சு. ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்கி, கண்ணு சொருகிருச்சு. நான் அவருகிட்டத்தேன் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். வேப்பங்கொழையால வெஷத்த எறக்குனாரு, உப்பில்லாப் பத்தியம் சொன்னாரு. விடியறதுக்குள்ள தெளிஞ்சிட்டா. எம் மகனுக்கு மனசு கேக்கல. மறுநா சாயங்காலம் காரக்குடி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி சோதனைக்கு ரத்தங் குடுக்க வச்சான்.

ரிசல்ட்டு வந்தன்னைக்கு நானும் போனேன். "ரத்தத்துல ஒண்ணும் தெரியல"ன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாக. அம்புட்டுத்தேன்.

"பாத்தீகளா, எங்க ஆளு எறக்குன எறக்குல ரத்தமே சுத்தமாயிருச்சு!"

"செத்த இருங்க அப்பத்தா, இன்னும் முடிக்கல."

நான் எங்க இருந்தேன்? மீனாவ இழுத்துக்கிட்டு வந்துட்டேன். மறுக்கா போகணும்னு மகன் சொன்னான், விடல. தெருவெல்லாம் பெரும பேசுனேன்.

தை மாசம் மீனாவ மறுபடி குளவி கொட்டிருச்சு. இந்தத் தடவ மகன் என்னையக் கேக்கவே இல்ல, ஆம்புலன்சக் கூப்புட்டுட்டான். தொடையில ஊசி போட்டும் நாடி கெடைக்கலைன்னு அங்குட்டும் இங்குட்டும் ஓடுனாக பாரு, தாயே! மூச்சு சீரானதும் ரத்தம் எடுத்தாக. மறுநாளும் எடுத்தாக.

அப்புறம் டாக்டரம்மா என்னைய உக்கார வச்சாக.

"தோலுக்கடியில காவக்காரன் மாதிரி அணுக்கள் இருக்கு அப்பத்தா. விஷம் பட்டதும் அது வெடிச்சு ட்ரிப்டேஸ்னு ஒண்ண ரத்தத்துல கொட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அது பாதி பாதியாக் கொறையும். மறுநாள் அது ஏறுன தடமே இருக்காது. இந்தத் தடவ மொத ரத்தத்துல ஏறியிருந்துச்சு, மறுநாள் எடுத்ததுல தன்னால எறங்கிருச்சு. யாரும் எறக்க வேண்டாம், ஒடம்பே கழுவிரும்."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கு லேட்டா வந்தீக. ரத்தத்துல இல்லைங்கிறதால ஆபத்து இல்லைன்னு ஆகாது. அதச் சொல்லத்தேன் இருங்கன்னேன்."

கட்டில்ல கெடந்தபடி மீனா கேக்குறா, "டாக்டர், எங்கத்தை வாய்க்கு ஊசி இருக்கா?" பொழச்சுக் கெடந்து நக்கலடிக்கிறா! எனக்குச் சந்தோசம் தாங்கல, செல்வி. அழுகையும் தாங்கல.

நாம்பாட்டுக்கு அனுப்புன சனம் எத்தன பேரோ! வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வாரேன். இப்பல்லாம் எனக்குப் பொழுதே ரெண்டு மணி, ரெண்டு மணியாத்தேன் தெரியுது. ஒடம்பு யாருக்காகவும் காத்திருக்க மாட்டேங்குது...

இரு, மீனா கொடியில துணி எடுக்கப் போறா. ஏய், தொடாதத்தா! நில்லு, மடிப்புல குளவி கெடந்தாலும் கெடக்கும், நான் உதறித் தாரேன்.