கொடிமலையின் கடைசி ராணி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். போன வருஷ அடைமழையில், துடியலூரில் ஹிபாவின் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

ஹிபாவும் அவள் அண்ணன் இல்யாஸும் சின்ன வயதில் ஒரு ராஜ்ஜியத்தையே கற்பனையில் ஆண்டவர்கள். கொடிமலை என்று பெயர். மழையே பெய்யாத அந்த மலையில் சாம்பன் என்ற இடையன் கோட்டை கட்டி முடிசூடினான். அவன் மகன் மகரன், கடலுக்குப் போன ஆற்றை மலைமேல் ஏற்றினான். பேரன் திகழன் ஏழு நாடுகளை வென்றான். அத்தோடு இல்யாஸ் நிறுத்திவிடுவான். "அப்புறம் என்னாச்சுண்ணா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஹிபா அறிந்தவரை, வேறு யாருக்கும் தெரியாத கதை அது. இல்யாஸ் பைக் விபத்தில் இறந்தபோது ஹிபா ஏழு மாதக் கர்ப்பிணி.

பிறந்தது பெண். அஃப்ஷீன். அவளுக்கு நாலு வயதானபோது, ஒரு மதியம், ஹிபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த குழந்தை, பெரிய ஆள்போலத் தொண்டையைச் செருமியது. கதை தொடங்குமுன் இல்யாஸ் அப்படித்தான் செருமுவான்.

"சாம்பன் ராஜா கோட்டை கட்டினாரு..."

ஹிபா துணியைக் கீழே வைத்தாள்.

"யாரு கண்ணு சொன்னாங்க?"

"மாமா."

சொல்லிவிட்டுக் குழந்தை சுவரோரமாக நகர்ந்தது. பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டது.

ஹிபா பயப்படவில்லை. சந்தோஷப்பட்டாள்! அண்ணன் வந்துவிட்டான்... தினமும் மதியம் அவளே மகளைப் படுக்க வைத்து, "அப்புறம்?" என்று கேட்டாள். கணவன் அஃப்தாபிடம் மூச்சு விடவில்லை.

கதை மூன்றாம் ராஜாவைத் தாண்டியது. திகழனின் மகனுக்குக் கண் போயிற்று. அவன் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். ஆறு வற்றியது. பஞ்சம், முற்றுகை... நாலு வயதுக்குத் தெரியக்கூடாத சொற்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குழந்தை பக்கத்து இடத்தைப் பார்க்கும். தலையாட்டும். பிறகுதான் சொல்லும்.

ஒருநாள் அந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.



"இனி யாரு கண்ணு மிச்சம்?"

"ஒரு ராணிதாம்மா. சின்னப் பாப்பா."

"அவ தப்பிச்சுப் போயிட்டான்னு சொல்லு."

குழந்தை திரும்பி, பக்கத்தில் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

"முடியாதாம்மா."

ஹிபா மகளை வாரிக்கொண்டு கணபதிப் பகுதியிலுள்ள தாய்வீட்டுக்கு ஓடினாள். பஸ்ஸிலேயே குழந்தையின் உடம்பு கொதித்தது.

"விட்டுப்போடுண்ணா... என் பிள்ளையை விட்டுப்போடு..."

ஹிபா கதறியதில் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே பள்ளிவாசலின் அஸர் பாங்கு கேட்டது.

அது முடிவதற்குள் அஃப்ஷீனின் மூச்சு நின்றது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து வீடு காலியான பிறகு, ஹிபா தன் தாய் ஜாஹிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனைச் சபித்தாள்.

"அவனைக் குத்தம் சொல்லாதே அம்மணி" என்றாள் ஜாஹிதா. "அந்தக் கதை அவனோடதில்ல."

"பின்னே?"

"அவனுக்கு முன்னாடி எனக்கொரு பொண்ணு இருந்தா. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. உங்க ரெண்டு பேருகிட்டயும் நான் சொன்னதேயில்ல. ஆனா இல்யாஸ் பேச ஆரம்பிச்சதும், தனியா உக்காந்து எதையோ கேட்டுட்டே இருப்பான். யாரு கண்ணு பேசறதுன்னு கேட்டா, அக்கான்னு சொல்லுவான்."



"அவளும் சாகற வரைக்கும் கொடிமலை, கொடிமலைன்னுதான் சொல்லிட்டிருந்தா" என்றாள் ஜாஹிதா. "அவளுக்கு யாரு சொன்னாங்கன்னு... நான் கேக்கவேயில்ல."