தளும்பாத கோப்பி

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் காஜா பேராங் பகுதியில் கார் பழுதுபார்த்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. குள்ளமானவர். வலது புருவத்தில் எப்போதும் கிரீஸ் தீற்றல். கார்புரேட்டரைச் சரிசெய்யும்போது, மட்கார்டின் மேல் ஒரு கிளாஸ் கோப்பியை விளிம்புவரை ஊற்றி வைப்பார். எஞ்சின் ஓட ஓட, கோப்பி தளும்புவது நிற்கும்வரை திருகாணியை விடமாட்டார்.

தங்கை கல்யாணத்துக்காக என் பழைய காரைக் கொண்டுபோயிருந்தேன். பெட்ரோல் கிடைக்காததால் ரப்பரிலிருந்து காய்ச்சிய எண்ணெயில் அது இருமிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கோப்பி அசையாமல் நின்றது. அப்போது பார்த்து ஜப்பானிய லாரி ஒன்று வந்து நின்றது. நன்றாக ஓடும் காரைக் கண்டால் எடுத்துப்போய்விடுவார்கள்.

“அண்ணே, மூஞ்சிய சோகமா வச்சுக்குங்க” என்றபடி அவர் இரண்டு திருகாணிகளைத் திருப்பினார். ஒன்று எண்ணெயைக் கூட்டியது, மற்றது வேகத்தைக் குறைத்தது. கார் குலுங்கிக் கரும்புகை கக்கியது. கோப்பி பாதி கொட்டியது.

“ரோசாக், துவான். கெட்டுப்போச்சு, ஐயா” என்றார் இறங்கி வந்த சிப்பாயிடம், அழாத குறையாக. சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான்.

லாரிச் சத்தம் அடங்கியதும் இரண்டையும் பழைய இடத்துக்கே திருப்பினார். மிச்சக் கோப்பி அசையவில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அவரோ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீனி கெடைக்கிறதே கஷ்டம். பாதிய அவனுக்காகக் கொட்டிட்டேனே!”

கல்யாணத்தன்று அவருக்கு நானே விளிம்புவரை கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். மணமக்கள் ஏறியிருந்த, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த என் காரின் மட்கார்டில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.