முன்பாரம்

என் வீட்டுக்காரர் கனத்த ஆள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அவரைத் தாங்க முடியாமல் காலை விரித்துவிட்டது. வந்தவர்கள் சங்கடத்தில் நெளிய, என் அண்ணன்தான் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சிரித்தான்.

"மாப்ளய டிராக்டருக்கு முன்னால உக்கார வச்சா இன்னும் ஒரு டன்னு கூட ஏத்தலாம் போலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் கேலிக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் வியாபாரம் பேசியிருக்கிறான்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். மழை பெய்தால் பருத்தி, கம்பு, குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அதற்கு மழையும் வேண்டாம், மனுஷனும் வேண்டாம். உழவுக்கென்று அண்ணன் வாங்கிய டிராக்டருக்கு வருஷத்தில் உழவு வேலை சொற்பம்தான். மற்ற நாளெல்லாம் கருவேலந்தூர் ஏற்றிக் கொண்டுபோய் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரி வியாபாரியிடம் போடுவான். தூர் என்பது மரத்தை வெட்டிய பிறகு மண்ணுக்குள் நிற்கிற அடிக்கட்டை. ஜேசிபி வைத்துப் பிடுங்குவார்கள். விறகைவிட ரொம்பக் கனம். எடை போட்டு வாங்குகிற சரக்கு என்பதால் கனமாக இருக்க இருக்க எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம். டிரெய்லரின் பக்கப்பலகை போதாதென்று அதன்மேல் கம்புகளை நட்டுத் தடுப்புக் கட்டி, ஆள் உயரத்துக்குத் தூர்களை அடுக்குவார்கள்.

அப்படி ஏற்றினால் டிராக்டர் சும்மா இருக்குமா? மேட்டில் ஏறும்போது பின்னால் இழுக்கிற கனத்தில் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பும். சக்கரம் அந்தரத்தில் நின்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பி என்ன பிரயோஜனம்? குறைத்து ஏற்றினால் எழும்பாது. அது மட்டும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கனமான ஆளாகப் பார்த்து எஞ்சினுக்கு முன்னால் பம்பரில் உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. அந்த ஆளுக்கு முன்பாரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு ஆள் உண்டு. கல்யாணமான மறுமாதமே என் வீட்டுக்காரர் என் அண்ணனுக்கு முன்பாரம் ஆகிவிட்டார்.

"கல்லக் கட்டிக்கிற வேண்டியதுதானண்ணே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கல்லுக்கு என்ன தெரியும் தங்கச்சி? மேட்டுல முன்னுக்கச் சாஞ்சு உக்காரத் தெரியுமா? போலீஸக் கண்டா எறங்கத் தெரியுமா?"

இரண்டாவது சொன்னது நிஜம். திருச்சுழி ரோட்டில் போலீஸ் நின்றால் இவர் சற்று முன்னாலேயே குதித்துவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கோ கருமாதிக்குப் போகிறவர் போல ஓரமாக நடப்பார். வண்டி அவர்களைத் தாண்டி வளைவுக்கு அப்பால் போய் நிற்கும். இவர் நடந்துபோய் மறுபடி ஏறிக்கொள்வார். போலீஸ்காரர்களுக்கும் இது தெரியும். துண்டு போட்ட கனத்த ஆட்கள் எல்லோரும் டிராக்டர் வருகிற நேரம் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியாதா என்ன?

எடைமேடையில் வேறு கதை. வண்டி மேடையில் ஏறியதும் வியாபாரியின் ஆள் முதலில் இவரைத்தான் இறங்கச் சொல்வானாம். "மனுசக் கறிக்கெல்லாம் தூரு வெல குடுக்க முடியாதுண்ணே" என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறான். இவர் அதை வீட்டில் வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மேடையில் வண்டியின் கனம் கிலோ பிசகாமல் தெரிந்துவிடும். ஆனால் இவ்வளவு கனத்தோடு ரோட்டில் வரலாமா என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை.

"இனிமே முன்னால உக்காரப் போகாதீக. எனக்குப் பயமா இருக்கு."

"மச்சான் கூப்பிடுறாக, எப்பிடி வல்லைங்கிறது?"

"வேற ஆளே இல்லையா ஊருக்குள்ள?"

"எம்புட்டுப் பேரு இருக்காக. ஆனா என்னயத்தான தேடி வாராக" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். மழை இல்லாத வருஷத்தில் எங்கள் ஊர் ஆம்பிளைகள் டீக்கடைப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு கிடப்பார்கள். யாரும் யாரையும் தேட மாட்டார்கள். இவரை வண்டி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்துக் கூப்பிடும். அதற்கும் திரும்பி வரும்போது வாங்கித் தருகிற புரோட்டாவுக்கும்தான் அவர் போனார். என்னால் அந்த ஹாரனோடு போட்டிபோட முடியவில்லை.

கண்மாய்க்குள் தூர் பிடுங்கிய சமயம் அது. கண்மாயிலிருந்து வண்டி வெளியே வர வேண்டுமென்றால் கரையில் ஏற வேண்டும். கரைமேல் தார் ரோடு. ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் போகிற ரோடு. அந்த ஏற்றத்தில் மெதுவாக வந்தால் வண்டி பாதியில் நின்றுவிடும் என்று அண்ணன் அடியிலிருந்தே வேகம் பிடித்து ஒரே மூச்சில் ரோட்டில் ஏற்றுவான். வேகமாக ஏறினால் முன்பக்கம் இன்னும் கூடத் தூக்கும். அதற்குத்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே.

அன்று மத்தியானம் நான் அருப்புக்கோட்டையில் சாமான் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் கரைமேல் வந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. பம்பரில் இவர். எஞ்சின் மூடியைக் கையால் அணைத்தபடி, சாமி வாகனத்தில் வருகிறவர் போல உட்கார்ந்திருந்தார். ஆட்டோவுக்குள் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கையை எடுத்து ஆட்டினார்.

ஆட்டோவைக் கண்ட அண்ணன் பிரேக்கை மிதித்தான். அந்தரத்தில் நின்ற முன்சக்கரங்கள் தடாலென்று ரோட்டில் இறங்கின. இவர் முன்பக்கமாகச் சரிந்து விழுந்தார். அத்தனை கனத்தோடு வேகமாக வந்த வண்டி மிதித்த இடத்தில் நிற்குமா? ஒரு முழம் நகர்ந்துதான் நின்றது. அந்த ஒரு முழத்துக்குள் அவருடைய இடது கால் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது, அந்த வலியிலும் அவரே முந்திக்கொண்டு, "தூரு உருண்டு கால்ல விழுந்துருச்சு சார்" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"பொய்யி சார். டிராக்டரு ஏறுனது" என்று நான் சொன்னேன். டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலைக் கவனிக்கப் போய்விட்டார். அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"வண்டியப் புடிச்சுட்டுப் போனா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும் தங்கச்சி."

"ரெண்டு காலு இருக்கிறவுக எங்கிட்டு வேணாலும் நிக்கலாம்ணே" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, யாருக்கும் சொல்லாமல் அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இன்சூரன்ஸில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். டிராக்டரில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சீட்டு. மட்கார்டில் உட்காரக்கூடாது, முன்னால் உட்காரக்கூடாது. டிரெய்லர் மாட்டி லோடு ஏற்றினால் இவ்வளவு வேகம், இவ்வளவு கனம் என்று கணக்கு இருக்கிறது. அது உங்கள் டிரெய்லரிலேயே எழுதியிருக்கும் என்றார்.

"சட்டப்படி பாத்தா உங்க வீட்டுக்காரர் அந்த வண்டியிலேயே இல்லம்மா."

இல்லாத ஆளின் கால்தான் போயிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் டிரெய்லரைப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை அப்பிய சந்தனமும் குங்குமமும் அந்த எழுத்தின்மேல் பொருக்காகக் காய்ந்து கிடந்தன. பாதிக்குமேல் தடுப்புக் கம்பு அடித்து மறைத்திருந்தார்கள். முந்தானையில் எச்சிலைத் தொட்டு, கம்பு இடுக்கிலெல்லாம் விட்டுத் துடைத்தேன். கனம் தெரிந்தது, வேகம் தெரிந்தது. அதில் எழுதியிருந்ததற்கும் அவர்கள் ஏற்றியதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணி வந்து, "என்னத்தா பண்ணுற?" என்றாள். வண்டிக்குப் பொட்டுக் கலைந்துவிட்டதே என்று அவளுக்கு வருத்தம்.

ஊர் வேறு தீர்ப்புச் சொல்லியிருந்தது. டீக்கடையில் கனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வேகத்தைப் பற்றியும் பேசவில்லை. அவர் கையை எடுத்ததுதான் தப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார்கள். "கைய மட்டும் எடுக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது தாயி." யாரைப் பார்த்துக் கையை எடுத்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். சொல்லாமல் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அந்த டம்ளர்களைக் கழுவும்போது ஒவ்வொன்றையும் சுவரில் அடித்து நசுக்க வேண்டும் போல இருக்கும்.

தப்பு கையில்தான் என்று முடிவானதால், மருந்தும் கைக்குத்தான் தேடினார்கள். அண்ணன் வண்டியை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தபோது பம்பர் மேல் ஒரு இரும்பு நாற்காலி இருந்தது. ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த மெத்தை, முதுகுக்குச் சாய்வு, இடுப்புக்கு பெல்ட்டு, காலை வைக்க இரண்டு தட்டு, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கக் கம்பி. ஊரே வந்து உட்கார்ந்து பார்த்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னொருவனை உட்கார வைக்கப் போகிறான், அவன் பெண்டாட்டி என்ன பாடுபடப் போகிறாளோ என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. அண்ணன் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, அவர் தொடையில் தட்டினான்.

"மாப்ள, காலுதான போச்சு? கனம் போகலையே!"

அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் கேட்டேன். நான் கத்தினேன். அண்ணனை வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய் நின்றான். போய்த் தொலையவில்லை.

"நீங்க போகக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

அவர் கட்டைக்கம்பை எடுத்துக் கக்கத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"இங்கன இருந்தாலும் உக்காந்துதான் இருக்கப் போறேன். அங்க போனாலும் உக்காரத்தான போறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டைக்கம்பை டிரெய்லருக்குள் போட்டுவிட்டு, அண்ணனும் இன்னொருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்து பெல்ட்டை மாட்டினார்கள்.

மத்தியானம் மனசு கேட்காமல் கண்மாய்க் கரைக்குப் போனேன். நான் துடைத்த எழுத்தின்மேல் புதிதாகச் சந்தனம் அப்பியிருந்தது. தூர் முன்னைவிட உயரமாக அடுக்கியிருந்தார்கள். நாற்காலி வந்த தைரியம். அண்ணன் அடியிலிருந்து வேகம் பிடித்தான். வண்டி உறுமிக்கொண்டு கரையேறியது. உச்சிக்கு வரும்போது முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. நாற்காலியோடு அவரும் எழும்பினார். ரோட்டோரத்தில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.