சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு கதாநாயகன்

உங்கள் பின்மண்டையை ஹெலிகாப்டர் சுற்றி வந்திருக்கிறதா?

என் மண்டையைச் சுற்றியது. போன மாதம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில். நான் போனது மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க. கடைக்காரர், “சும்மா உக்காந்து கேளுங்க சார், காசா பணமா?” என்று ஒரு சோபாவில் உட்காரவைத்து பட்டனைத் தட்டினார். வலது காதருகே கிளம்பிய ஹெலிகாப்டர் பிடரி வழியாக இடது காதுக்கு வந்து இறங்கியது. தலையில் மிச்சமிருக்கும் முடி பறந்ததாகக்கூட நினைவு.

அரை மணி நேரத்தில் ஆட்டோவில் என் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஹோம் தியேட்டர். ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்கிற பெரிய பாஸ் பெட்டி ஒன்று, பாட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு மைக். ‘பட்ஜெட் மாடல்’ என்றார்கள். யாருடைய பட்ஜெட் என்று நான் கேட்கவில்லை. “பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள இதே அட்டைப் பெட்டியில போட்டுக் கொண்டாங்க சார், வாபஸ் வாங்கிக்கிறோம்.”

வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

என் மனைவி வசந்தா அதைத்தான் முதலில் கேட்டாள். பிறகு அட்டைப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.

“இதால வூட்டுக்கு என்னங்க பிரயோசனம்?”

“ஹெலிகாப்டர் பின்னாடி பறக்கும்.”

“யாருக்குப் பின்னாடி?”

“சோபாவுல உக்காந்திருக்கிறவங்களுக்கு.”

“நான் என்னிக்குங்க சோபாவுல உக்காந்தேன்?”

அவளே தீர்ப்பையும் சொன்னாள். “வூட்ல எல்லாருக்கும் ஆவும்னா இருக்கட்டும். உங்க ஒருத்தருக்குத்தான்னா, சனிக்கிழமை திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க.”

ஆக, சனிக்கிழமைக்குள் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற வேண்டும். கூடவே என் மானத்தையும்.

கையேட்டைப் படித்தேன். பழந்தமிழ்ப் பாட்டுக்கு உரை தேடி வளர்ந்தவன்... ஆனாலும் அந்த ஆங்கிலத்துக்கு உரைகாரர் யாரும் கிடைக்கவில்லை. படம் மட்டும் புரிந்தது. அறையின் நடுவே ஒரு சோபா, அதில் ஒரு மனிதன், எதிரே மூன்று பெட்டி, முதுகுக்குப் பின்னால் இரண்டு. அந்த மனிதனின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் கல்யாணம் ஆகாதவன் என்று தோன்றியது.

சரி, ஒயர் மாட்ட யாரைக் கூப்பிடுவது? “எந்தம்பி எதுக்கு இருக்கான்?” என்றாள் வசந்தா.

தம்பி முனிராஜ் பாப்பாரப்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கோயில் பண்டிகை, கல்யாணம், கட்சிக் கூட்டம்... சுற்றுவட்டாரத்தில் மைக் செட் என்றால் அவன்தான். பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் மூன்றாவது ஊரில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணியும் ஒயர்க் கட்டுமாக வேனில் வந்து இறங்கினான். தம்பி வந்தால் மட்டன் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஹோம் தியேட்டரையும் மைக் செட்காரனையும் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா?

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வரிசையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவழியாகத் தெருமுனைக்குத் திரும்பிவந்தபோது காற்றில் ஒரு கணீர்க் குரல்.

“ஹலோ... செக்... மட்டன் வாங்கப் போன மாமா அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக அடுப்படிக்கு வரவும்...”

தெருவே என்னைப் பார்த்தது. பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினேன்.

வேலை முடிந்திருந்தது. ஹாலில் இரண்டே பெட்டிகள். மற்றவை?

“ஒண்ணு சிட் அவுட்ல, ஒண்ணு பெட்ரூம்ல. பெரிய டப்பாவ அரிசி டிரம் பக்கத்துல வெச்சிருக்கேன் மாமா. படுத்தவாக்குல நீட்டா ஒரு பொட்டி இருந்துச்சு பாருங்க, அது அடுப்படி செல்ஃப்ல சக்கரை டப்பாவுக்குப் பின்னால கச்சிதமா உக்காந்துருச்சு.”

“டேய் மாப்ள, அஞ்சும் ஒரே ரூம்ல இருக்கணும்டா! படத்துல போட்டிருக்கான் பார்.”

முனிராஜ் கையேட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தான், மைக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பேசுகிற தலைவரைப் பார்ப்பதுபோல.

“மாமா, சவுண்டுன்னா என்னாங்க? வந்த சனத்துக்கு மூலைக்கு மூலை கேக்கணும். அஞ்சு பொட்டியவும் ஒரே எடத்துல கொண்டாந்து வெச்சா, பொட்டிக்குப் பொட்டி முட்டிக்கும். தொழில் தெரிஞ்சவன் எவனும் செய்ய மாட்டான்.”

“வந்த சனம் எங்கடா இருக்கு? நான் ஒருத்தன்தான் கேக்கப் போறேன்.”

“அக்கா, மாமா சொல்றதக் கேட்டீங்களா? அவரு ஒருத்தருக்குத்தானாம்!”

கையேட்டை மடித்துவைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் போதும், சனிக்கிழமை வரை காத்திருக்கவே வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் முனிராஜ் தீர்த்தமலைப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன் என்று கிளம்பிப் போய்விட்டான். நான் ஒரு போர்ப் படத்தைப் போட்டேன். ஹாலில் மழை பெய்தது. குதிரைகள் ஓடின. ஆகா! கதாநாயகன் வாயைத் திறந்தான்... சத்தமே இல்லை. மறுபடியும் திறந்தான். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வசந்தா கரண்டியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, சக்கரை டப்பாவுக்குப் பின்னால இருந்து ஒருத்தன் ‘சுடாதே, சுடாதே’ன்னு கத்துறான். என்னான்னு பாருங்க.”

அப்போதுதான் விளங்கியது. படுத்தவாக்கில் இருந்த அந்த நீளப் பெட்டிதான் இந்த ஸ்பீக்கர் குடும்பத்தின் வாய். டிவிக்கு அடியில் இருக்க வேண்டியது. வசனம் எல்லாம் அதில்தான் வரும். சுற்றியிருக்கும் மற்றவற்றுக்கு மழையும் இடியும் பாட்டும்தான். அந்தக் காலத்தில் ஐந்திணைக்கு ஐந்து நிலம் பிரித்ததுபோல் மைத்துனன் என் வீட்டைப் பிரித்திருந்தான். எனக்குக் கிடைத்தது பாலை. பிரிவும் பிரிவு சார்ந்த நிலமும். வசனத்தைப் பிரிந்தவன் நான்.

கழற்றி மாற்றலாம் என்று பார்த்தால், தேர்த் திருவிழாவுக்குக் கட்டியதுபோல் சுவரெல்லாம் கிளிப் அடித்து வைத்திருக்கிறான். மழை, காற்று, புயல் வந்தாலும் அசையாது. அவன் வந்துதான் அவிழ்க்க வேண்டும். சரி, சனிக்கிழமை கடைக்கே போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை சீரியல் நேரம் வந்தது.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. வசந்தா அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருப்பாள். களி கிளறுகிறவள் கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அங்கிருந்து டிவி தெரியாது, கேட்காது. அதனால், “ஏங்க, என்னா சொன்னா?” என்று குரல் வரும். ஹாலில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் நான் நிமிர்ந்து பார்த்து அஞ்சல் செய்ய வேண்டும். எனக்கோ சீரியல் என்றால் ஓர் இளக்காரம். அதனால் எத்தனை பெரிய வசனம் வந்தாலும் என் அஞ்சல் ஒன்றுதான்: “ஒண்ணுமில்ல, பழைய கதைதான்.” ஒருமுறை அந்தப் ‘பழைய கதை’யில் ஒரு கல்யாணமே நின்றுபோய், மறுநாள் எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் இவளுக்குத் தெரிந்தது. அன்று களியில் உப்பு இல்லை.

திங்கட்கிழமை, அடுப்படியிலிருந்து குரலே வரவில்லை.

படிக்க முடியவில்லை எனக்கு. ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. டிவியில் மாமியார் மருமகளை முறைத்தாள். இடி இடித்தது. மருமகள் ஒரு கவரைப் பிரித்தாள். வயலின் அழுதது. மாமனார் நெஞ்சைப் பிடித்தார். அரிசி டிரம் அதிர்ந்தது. உதடுகள் அசைகின்றன, ஒரு வார்த்தை வரவேண்டுமே! கவரில் என்ன? யார் அனுப்பியது? அடுப்படியில் “அடிப்பாவி!” என்று வசந்தாவின் குரல் மட்டும் கேட்டது.

என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

“வசந்தா! என்னா சொன்னா?”

கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு, வெகு நிதானமாக, பதில் வந்தது.

“ஒண்ணுமில்லீங்க. பழைய கதைதான்.”

எத்தனை வருஷமாக வைத்திருந்தாளோ அதை!

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஸ்டூல் ஒன்றைக் காலால் தள்ளினாள். சும்மா உட்கார்ந்தவன் கையில் ஒரு கிண்ணம் பூண்டு வந்தது. உரித்துக்கொண்டே, சர்க்கரை டப்பாவைப் பார்த்தபடி மிச்சக் கதையைக் கேட்டேன். முகங்கள் இல்லாமல் கேட்டால் சீரியல் அவ்வளவு மோசமில்லை. நடுநடுவே முன்கதையை வசந்தா சொன்னாள். என்னைவிட நன்றாகவே அஞ்சல் செய்கிறாள். செவ்வாயும் போனேன். புதனும்.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கையேட்டுக்காரன் மேல்தான் எனக்குச் சந்தேகம். உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே ஒருத்தன் காதை நோக்கி வர வேண்டும் என்று படம் போட்டிருக்கிறானே... எந்த வீட்டில் அப்படி ஒருத்தன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்? இருந்தாலும் விட்டுவைப்பார்களா?

சனிக்கிழமை காலை முனிராஜ் போன் செய்தான். “மாமா, மாத்தி வைக்கணுமா, கழட்டிடட்டுமா?”

வசந்தாவைப் பார்த்தேன். “அந்த அட்டைப் பெட்டி எங்க? கடைக்கு அதோடதான் கொண்டுபோகணும்.”

“அதுலயா? வெங்காயம் கொட்டி வெச்சிட்டேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “பாவம், பொட்டி பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போவுது. நீங்க அந்த வாஷர மட்டும் வாங்கிட்டு வாங்க.”

நேற்று மாலை, தைரியமாக, ஹெலிகாப்டர் வருகிற படத்தைப் போட்டேன். சிட் அவுட்டில் கிளம்பியது, பெட்ரூமைக் கடந்தது, ஹாலில் என் பின்மண்டையைத் தொட்டுவிட்டு மறுபடி வாசலுக்குப் போனது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வெளியே ஓடிவந்து, கையை நெற்றியில் வைத்து வானத்தைத் துழாவினார்.

“என்னா சார், எலெக்‌ஷன் எதுனா வந்துருச்சுங்களா?”

கடையில் சுற்றியது என் தலையை மட்டும்தான். இங்கே வீட்டையே சுற்றுகிறது. பைலட் என்ன பேசுகிறார் என்று தெரிய வேண்டுமென்றால்தான் போய்ப் பூண்டு உரிக்க வேண்டியிருக்கிறது!