போனவர்கள்

அன்று இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான அந்த இடிந்த லயத்தின் முன்னால் நான்கு பேர் நின்றோம்: நான், என் மனைவி, டவுனில் வளர்ந்த கைட் தம்பி, அவர் கூட்டிவந்த வெள்ளைக்கார அம்மா. மண்சரிவில் இரண்டு பேர் செத்த லயம் அது. சாவு நடந்த இடங்களைப் பார்க்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். நான் பிறந்ததும் அங்கேதான் என்பதால் என் த்ரீவீலரைப் பிடித்திருந்தார்கள்.

“இங்கேருந்து எத்தனை பேர் போனாங்க, அண்ணே?” என்று கைட் கேட்டார்.

எங்கள் லயத்தில் ‘போனவர்கள்’ என்றால் குடும்பத்தோடு இந்தியாவுக்கே குடிபோனவர்கள். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் என்னோடு குளித்தவர்கள், கொய்யா மரத்தில் ஏறியவர்கள், பெட்டி கட்டிய அன்று என் கையைப் பிடித்து அழுதவர்கள் என்று ஒவ்வொருவராக விரல் மடக்கினேன்.

“முப்பத்தொரு பேருங்க தம்பி. எல்லாம் ஒரே வருஷத்துல போயிட்டாங்க.”

கைட் அதை இங்கிலீசில் சொன்னதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காட்டுப்பூ பறித்து ஒவ்வொன்றாக முப்பத்தொன்று எண்ணி வைத்தார். அவர்களில் ஒருத்தி போன பொங்கலுக்குக்கூட அங்கேயிருந்து போன் எடுத்தாள்.

“தம்பி, அவங்க சாகலைங்க.”

“சும்மா இருங்க அண்ணே. ரெண்டு பேருக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு கேப்பாங்க.”

“இப்பவே சொல்லிடுங்க,” என்றாள் மனைவி. “விடிய விடிய தூங்காம பொலம்பப் போறது நீங்கதான்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். “நோ டெட், மேடம். இந்தியா,” என்றேன்.

அந்த அம்மா இரண்டு பூவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். டவுனில் இறங்கியதும் கைட் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவர் தரவேண்டிய வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் வரவில்லை.