உப்பளத்தில் வரையாடு

தாங்களே பார்த்திராத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி ஊராரிடம் கெஞ்சும் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எழுபதுகளின் நடுவில், விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு எனக்கு வனத்துறையில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. பிரம்மதேசம் கிராமத்தில் எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேற்கே ஒரு மலைப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருந்தார்கள். அதன் அருமையை மரக்காணம் கடற்கரையில் எடுத்துச் சொல்ல வேண்டும். தோளில் துணிப்படச் சுருள், கையில் உறுதிமொழிப் பதிவேடு. ‘மலை வளத்தைக் காப்பேன், விலங்கையும் பறவையையும் கொல்ல மாட்டேன்’ என்று முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால், பட்டத்தை மடித்து வைத்துவிட்டு அப்பாவோடு களை பறிக்கப் போக வேண்டியதுதான்.

யார் வீட்டு ஆடு

முதல் கூட்டம் உப்பளத்துக் கொட்டகையில். சாப்பாட்டு நேரம். வரையாட்டின் படத்தை விரித்துத் தொங்கவிட்டேன். மிகவும் அரிய ஆடு, செங்குத்துப் பாறையில் ஏறும், அதைத் தொட்டால்கூடச் சட்டம் சும்மா விடாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாரும் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்கள். உப்பு சுமக்கும் ஏழுமலை மட்டும் கையை நக்கிவிட்டு எழுந்து வந்து, படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

“போன வாரம் எங்க ஆட்டை நாய் கடிச்சிது. ஏன்னு கேக்க ஒரு நாதி வரல. இதுக்கு மட்டும் பி.எஸ்சி. படிச்ச காவலாளா? குடுத்து வெச்ச ஆடுப்பா!”

பார்த்திருக்கியா

அனுமந்தைக் கடற்கரையில் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்தவர்களிடம் போனேன். மலைக்காடு அழிந்தால் ஆறு வற்றும், ஆறு வற்றினால் கடலுக்கும் கேடு என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெரியவர், “தம்பி, அந்த மலையை நீ பாத்திருக்கியா?” என்றார்.

என் நாக்கு எனக்குப் பகை. இல்லை என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? நான் ஏறியதில் உயரமானது மரக்காணத்து உப்புக் குவியல்தான், அதிலும் பாதியில் சறுக்கிவிட்டேன் என்றும் சொன்னேன். கரை முழுக்கச் சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்காமல் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“மலைக்காகப் போடலப்பா. பொய் சொல்லாம நின்னியே, அதுக்குப் போட்டேன்.”

உள்ளான் கறி

பூங்காவனம் உப்பு வாருகிறவள். அவள் வைத்தால் அவளோடு வேலை செய்யும் இருபது பேரும் கைநாட்டு வைப்பார்கள். மை டப்பாவை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பறவையைக் கொல்ல மாட்டேன்னு எழுதியிருக்குதுன்றே. எங்க ஊட்டுக்காரரு கண்ணி வெச்சு உள்ளான் குருவி புடிப்பாரு. அந்தக் கறியை நான்தான் ஆக்கறேன், நான்தான் துன்றேன். கைநாட்டு வெச்சிட்டுத் துன்னா சாமி கண்ணைக் குத்தும். வேணாம் சாமி, நீ வேற ஆளைப் பாரு.”

பத்து விரல்

ஆறு மாதம் முடிய ஒரு வாரம். நாற்பத்தோரு கையெழுத்து. அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகக் கடைநிலை ஊழியர் முனுசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு மை டப்பாவைத் திறந்து, பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தோடு என் முன்னால் வைத்தார். மறைக்காமல் சொல்கிறேன், கட்டை விரலை மையில் வைத்துவிட்டேன். தாளில் வைக்கத்தான் முடியவில்லை. சட்டையில் துடைத்தேன். கறை போகவே இல்லை.

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். “ஆண்டவன் பத்து வெரலு எதுக்குக் குடுத்தான்னு நெனச்சே?”

பூட்ஸுக்காரர்

அதிகாரி ஜீப்பில் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். நாற்பத்தொன்றில் நின்றார். “இவ்வளவுதானா?” என்றார். “இவ்வளவுதான் சார்” என்றேன். பதிவேட்டோடு உப்பளத்துக்குள் நடந்தார். நான் பின்னால்.

வரப்பில் பாதி தூரம் போயிருப்பார். தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி அலறியது. அதைவிடச் சத்தமாகப் பூங்காவனம் அலறினாள்: “ஏம்பா பூட்ஸு! காலை எடு! முட்டை இருக்குது!”

அவர் ஒற்றைக் காலில் நின்றார். வரப்பில் நான்கு உப்புக் கட்டிகளை வட்டமாக வைத்திருந்தார்கள். நடுவில், மண்நிறத்தில் நான்கு முட்டைகள். அப்போதுதான் கவனித்தேன்: கூடை சுமக்கிறவர்கள் எல்லாரும் அந்த வரப்பை விட்டு, இரண்டு பாத்தி தள்ளிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாக அங்கே அலைந்த என் கண்ணில் அது படவே இல்லை.

“எத்தனை நாளா சுத்திப் போறீங்க?” என்றார் அதிகாரி.

“அது முட்டை உட்டதுலேர்ந்து.”

“பதிவேட்டுல கைநாட்டு வெச்சியா?”

“இல்லீங்க. நான் உள்ளான் துன்றவ.”

“அப்புறம் இதுக்கு மட்டும் ஏன் சுத்திப் போறே?”

“துன்றது வேறங்க. அடைகாக்கறதை மிதிக்கிறது வேற.”

அவர் மெதுவாகப் பின்வாங்கி வந்தார். பதிவேட்டை மறுபடி பிரித்தார். என் சட்டையிலிருந்த மைக்கறையையும், கையெழுத்து இல்லாத பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னும் ஆறு மாசம் தரேன். படத்தைச் சுருட்டி வை. இந்த மாதிரி கூடு இங்க எத்தனை இருக்குதுன்னு அந்தம்மாவைக் கேட்டு எழுதிக்கிட்டு வா.”

மலையைக் காக்க வேலைக்குச் சேர்ந்து, அந்த மலையை இன்றுவரை கண்ணால் காணாமல், உள்ளான் கறி தின்கிற ஒருத்தி காத்த நான்கு முட்டைகளால் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட பட்டதாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.